2117-அ

வியாழன் இரவு எட்டரைக்கு
சாம்பாவின் வரலாறு ஒலிபரப்பாகும்.
இருமல் மருந்துக் கம்பெனியின் தயவில்
இருபத்தெட்டு நிமிடம்.
மீதி இரண்டும் இருமலுக்கு.

"பிறந்தது இன்ன தெரு,
பெற்றவர் இன்னார்" என்பார் ஒட்டாசீலியு.
அந்தக் குரல் சொன்னால்
ரியோவில் மழைகூட
தேதி போட்டுப் பெய்யும்.

நான் ஜூல்மீரா.
நான்காம் மாடி, ஜன்னலில்லாத அறை,
ஓர் எழுத்து தேய்ந்த தட்டச்சுப் பொறி.
வரலாறு என்னிடம் மூட்டையாக வரும்,
தபால்தலை ஒட்டி.

மினாஸ் ரயில்வே குமாஸ்தா எழுதுகிறார்:
அந்தப் பாட்டு பதினேழில் அல்ல, பதினாறில்.
அன்றுதான் எனக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கினார்கள்,
எப்படி மறக்கும்?
நித்தெரோய் விதவை கேட்கிறாள்:
அவர் எழுதிய பாட்டென்றால்
என் வீட்டுக்காரர் மூன்று இரவு
சமையலறையில் எதைத் தேடிக்கொண்டிருந்தார்?
பெலேமிலிருந்து ஒருவர்
ஸ்வரம் எழுதத் தெரியாமல்
கோழி நடந்ததுபோல் புள்ளி வைத்து அனுப்புகிறார்.
(நடந்து பார்த்தேன். மெட்டு சரி.)

எல்லாம் அட்டையில் ஏறும்.
தலைப்பு, ஆண்டு, இயற்றியவர்.
இயற்றியவருக்கு ஒரே ஒரு வரி.
அச்சகத்தில் அப்படி அடித்துவிட்டார்கள்.

ஜூன் மாதம்
சர்க்கரைப் பொட்டலத் தாளில் ஒரு கடிதம்:

ஐயா, போன வாரம் நீங்கள் போட்டது
நான் விற்ற சாம்பா.
ஒரு ஜோடி பழுப்பு ஷூவுக்கும்
அரை மாத வாடகைக்கும்.
விலை நியாயம்தான், புகார் இல்லை.
வாங்கியவர் பெயரே இருக்கட்டும்.
ஆனால் இரண்டாம் பாகத்தில்
"நிலா காத்திருந்தது" என்று பாடுகிறார்கள்.
காத்திருந்தது டிராம்.
நிலா எதற்கு ஐயா காத்திருக்கும்?
டிராம் ஓட்டும் பென்வெனுட்டு
அவள் ஏறும்வரை வண்டியை நிறுத்தினார்.
அதற்காகத்தான் பாட்டே.
இப்படிக்கு, டியோக்ளேசியு.

"ஆதாரம்?" என்றார் ஒட்டாசீலியு.
ஆதாரம் வந்தது,
சரக்கு லிஃப்டில் ஏற்றி அனுப்பியிருந்தான் காவலாளி.
நான் காலைத்தான் பார்த்தேன். வேறு ஷூ.

சிவப்பு விளக்கு எரிந்ததும்
சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டி எடுத்தார்.
தட்டினார்.
பத்தொன்பது வயலின்காரர்கள்
வில்லை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்கள்.
டிராம் காத்திருந்தது.
சம்பளத்துக்குக் கைதட்டும் கூட்டம்
தட்ட மறந்துபோனது.

"ஆக, இயற்றியவர் நீங்கள்?"
"விற்றுவிட்டேனே சார்.
தாளம் எஸ்டாசியுவில் எல்லோரும் தட்டுவது.
முதல் பாகம் யாரோ முணுமுணுத்துக் கொண்டிருந்தார்கள்,
முகம் நினைவில்லை.
இரண்டாவது என்னுடையது.
டிராம் பென்வெனுட்டுவுடையது."

ஒட்டாசீலியு கடிகாரத்தைப் பார்த்தார்.
இருமல் வந்தது.

அன்றைக்குப் பதிவு கிடையாது.
வட்டு விலை அதிகம்,
கைவசம் இருந்த ஒன்றை
தொடர்நாடகத்தின் அறுபதாம் பாகத்துக்கு
எடுத்து வைத்திருந்தார்கள்.

அட்டை எண் 2117.
இயற்றியவர் வரியில்
வாங்கியவர் பெயர் அடித்தேன்.
பிறகு திருப்பிப் போட்டு
டியோக்ளேசியு, எஸ்டாசியு, முகம் நினைவில்லாதவர்,
டிராம்.
அடுத்த ஆண்டு ஒட்டாசீலியு
அட்டைகளைப் பார்த்துப் புத்தகம் போட்டார்.
தடித்த அட்டைக்கட்டு, பொன்னெழுத்து.
முன்பக்கம் மட்டும் அச்சேறியிருந்தது.

கோபப்பட்டிருப்பேன்.
நாலு நாள் பட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.
ஐந்தாம் நாள் தபாலில்
நடுங்கும் கையெழுத்து, பென்வெனுட்டு, ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர்:

அம்மணி,
அந்த ராத்திரி நான்
யாருக்காகவும் வண்டியை நிறுத்தவில்லை.
மின்சாரம் போய்விட்டது.
ஒரு பெண் ஏறினாளோ என்னவோ.
தெருவில் விளக்கு ஒன்றுமில்லை,
நிலா மட்டும் இருந்தது.

படித்தேன். இன்னொரு முறை படித்தேன்.
மேலே ஒலிப்பதிவுக் கூடத்தில்
யாரோ மைக்கைத் தட்டி
ஒன்று, இரண்டு என்றார்கள்.

முன்பக்கம் நிறைந்திருந்தது.
பின்பக்கமும்.
புது அட்டை ஒன்றைச் செருகி
எண் அடித்தேன்.